முள் அசையாத விரல்

என் மனைவியின் தம்பி அந்தப் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருஷம் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மாதம் பட்டறையில் எந்த நிறம் ஓடியது என்று சொல்ல முடியும். கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கிற கருநீலம். தீபாவளிக்கான பட்டு முழுவதும் அதே நிறத்தில் கேட்டிருந்தார்கள்.

நான் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் அப்பா, கையில் பட்டு நூலை முக்குகிற கழியோடு அப்படியே சாய்ந்து போனார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். அதிலிருந்து எனக்கு நெஞ்சு என்ற சொல்லே ஆகாது. யாராவது நெஞ்சு கரிக்கிறது என்று சொன்னால்கூட அங்கிருந்து எழுந்து போய்விடுவேன்.

மச்சான் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கிற ஓர் இடத்தில் வேலை செய்தான். அங்கே செய்தது போக, தன் அறையில் உட்கார்ந்து மூன்று வருஷமாக அவனே ஒன்று செய்துகொண்டிருந்தான். துணிக்கு மாட்டும் கிளிப் போல ஒன்று, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனையில் முள் வைத்த பெட்டி. கிளிப்பின் ஒரு பக்கத்தில் சின்ன பல்பு. எதிர்ப்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண். நடுவில் விரலை வைக்க வேண்டும். நெஞ்சு ஒரு தரம் அடித்தால் விரலில் ரத்தம் ஏறும், ஏறினால் வெளிச்சம் துளி மங்கும், அந்தத் துளியைக் கண் பார்த்துவிடும், முள் துள்ளும்.

"ஆபரேஷன் பண்ற நேரம் பூரா ஒருத்தர் நாடியப் புடிச்சிக்கினே நிக்க முடியாது மாமா. இது புடிச்சிக்கினு இருக்கும்."

"நின்னு போச்சுன்னா?"

"முள்ளு நிக்கும்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

முதலில் தன் அக்காவின் விரலில் மாட்டினான். முள் தத்தித் தத்தி ஓடியது. எங்கள் இரண்டு பெண்களுக்கும் மாட்டினான். ஓடியது. கோடு போட்ட தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டான். அப்புறம் என் விரல். முள் படுத்தே கிடந்தது. ஒரு திருகைத் திருப்பினான். வேறு விரலில் மாட்டினான். பெட்டியின் தலையில் தட்டினான். முள் அசையவில்லை. அவன் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"பேட்டரி வீக்கா இருக்குது மாமா. அப்பறமாப் பாக்கலாம்."

நான் முகம் கழுவப் போனேன். திரும்பும்போது வாசல்படியில் இருந்து பார்த்தேன். சின்னவளின் விரலில் மறுபடி மாட்டியிருந்தான். முள் துள்ளிக்கொண்டிருந்தது. தாளில் எனக்கென்று எழுதத் தொடங்கிய வரியின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தான்.

கிளம்பும்போது எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னான். "இத யார்கிட்டயும் மூச்சு உடாதீங்க. பேட்டண்டுக்கு மொதல் மனுதான் குடுத்திருக்கேன். எப்படிச் செய்யறது, எதுக்கெல்லாம் எனக்கு உரிமைன்னு முழுசா எழுதிக் குடுக்கணும். அதுக்குள்ள வெளிய தெரிஞ்சி வேற எவனாவது புடிச்சிக்கினான்னா மூணு வருஷம் போச்சு."

"பேட்டண்டுன்னா இன்னாபா?"

"இது மொதல்ல என் புத்தியில வந்ததுன்னு கவர்மெண்டு எழுதிக் குடுக்கறது மாமா."

யாருக்கும் சொல்லமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தேன். செய்த பிறகுதான் எதை ஒப்புக்கொண்டோம் என்று தெரிந்தது. என் நெஞ்சைப் பற்றிய செய்தி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைப் பற்றிப் பேசாமல் நெஞ்சைப் பற்றி யாரிடம் என்ன கேட்பது?

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இப்படித்தான். வேலைக்கு நடுவில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. இருபது வருஷம் வெந்நீரில் ஊறித் தடித்த விரல்கள். சூடு தெரிவதே குறைவு. நாடி எங்கே தெரியப்போகிறது? எனக்கு அப்போது அந்த யோசனை வரவில்லை. நாடி இல்லாததால்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது என் மனைவியின் நாடியைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் போல இருக்கும். பிடித்தால் ஏன் என்று கேட்பாள். மச்சானுக்குக் கார்டு எழுதலாம் என்றால் தபால்காரர் படித்துவிடுவார். மூடி ஒட்டும் உறையை வாங்கினேன். எழுத உட்கார்ந்ததும், பதிலில் அவன் உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று உறையை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன்.

ஒரு நாள் துணிந்து பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். டாக்டர் நிமிராமல் கேட்டார்.

"இன்னா பண்ணுது?"

"பயமா இருக்குது சார்."

"எதுக்கு?"

சத்தியம் குறுக்கே நின்றது. "சும்மாதான் சார்" என்றேன். அவர் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்று சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானோ, இவர் வெளியில் இருந்து தொடுகிறார், அந்தக் கண் அல்லவா தோலுக்கு உள்ளே பார்த்தது என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை, நோய் தீர்ப்பார் என்று பேரெடுத்த மாகறல் சிவன் கோயிலுக்குப் பஸ் ஏறிப்போய், அவரிடம் மட்டும் விஷயத்தை முழுக்கச் சொன்னேன். சந்நிதியில் ஆள் இருந்ததால் அதையும் மனசுக்குள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னாங்க, எந்நேரமும் நெஞ்சுல கைய வெச்சிக்கினே திரியிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"புழுக்கமா இருக்குது."

"மழ பெய்யுது வெளிய."

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் மச்சான் வந்தான். அதே பெட்டி, கூடவே ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு கத்தைத் தாள். முழு விவரத்தைக் கொடுக்க இன்னும் நான்கே நாள். கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க வந்திருந்தான். உட்கார்ந்ததும் ஒரு பக்கத்தை எடுத்து எனக்குத் தமிழில் சொன்னான்.

"இதுதான் மாமா உயிர் மாதிரி. எந்த மனுஷன் வெரல்ல மாட்டினாலும் நாடியக் காட்டும். இதுக்குத்தான் உரிமை கேக்கறேன்."

"என் வெரலு?"

அவன் தாளைப் புரட்டினான். "உங்க வரிய உட்டுட்டேன் மாமா. ஒரே ஒருத்தர்தானே."

விட்டுவிட்டானாம். போகிறவனைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். ஒன்றரை மாதம் அடக்கி வைத்தது தானாக வெளியில் வந்தது.

"உள்ளதச் சொல்லிடுபா. எங்கப்பா மாதிரியே எனக்கும் நின்னுக்கினு வருதா?"

"இன்னா மாமா சொல்றீங்க?"

"முள்ளு நிக்கும்னு நீதானே சொன்ன."

அவன் வாயைத் திறப்பதற்குள் என் கூட்டாளி பட்டறையிலிருந்து உள்ளே வந்தான். பதினைந்து வருஷமாக ஒரே கொப்பரையின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். "கொப்பர கொதிச்சிக்கினு கெடக்குது, இங்க இன்னாபா பஞ்சாயத்து?" என்றவன் பெட்டியைப் பார்த்துவிட்டான். மச்சான் துண்டைத் தேடினான். அதற்குள் இவன் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டான்.

முள் படுத்தே கிடந்தது.

"இது எதுக்கு?"

"ஆளுக்கு நாடி ஓடுதான்னு பாக்கறதுக்கு" என்றேன்.

"ஓடலியே. அப்ப ரெண்டு பொணந்தான் இத்தினி நாளா சேந்து பட்டு நனைச்சிக்கினு இருந்துச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி வந்து, கூட்டாளியின் கைகளையும் என் கைகளையும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நகத்திலிருந்து மணிக்கட்டு வரை நான்கு கைகளும் ஒரே கருநீலம். எந்தச் சோப்புக்கும் போகாத நிறம்.

"உன் மிஷினு வெளிச்சத்தத்தானே பாக்குது?" என்று தம்பியைக் கேட்டாள். "இந்த வெரலுக்குள்ள வெளிச்சம் எங்கேந்துடா போவும்?"

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்து கிளிப்பை எடுத்து என் காது மடலில் மாட்டினான். காதில் சாயம் இல்லை. முள் துள்ளியது. பெண்களுக்கு ஓடியதைவிட வேகமாக, துரத்தப்பட்டது போல ஓடியது.

"இவ்ளோ வேகமா இருக்கக்கூடாதே" என்றேன்.

"பயந்துக்கினு இருக்கீங்க மாமா, அதான்."

கூட்டாளி, காதுக்குக் கம்மல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொப்பரையைப் பார்க்கப் போனான். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று போகிற போக்கில் அவனும் சத்தியம் செய்தான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. நான் ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் கிடக்கிறேன். யாரோ தெரியாதவர் என் விரலில் இதை மாட்டுகிறார்.

"என் வரிய ஏன் உட்ட?" என்று கேட்டேன்.

"எழுதினா கேள்வி வரும் மாமா. எந்த மனுஷனும்னு சொல்ல முடியாது. உரிமை கேக்கறதயே மாத்தி எழுதணும், திரும்ப டைப் அடிக்கணும், நாலு நாள்தான் இருக்குது."

"முள்ளு படுத்தே கெடந்தா டாக்டரு இன்னா நெனப்பாரு? மிஷினு கெட்டுப்போச்சுன்னு நெனப்பாரு. அப்பறம் மெய்யாலுமே நின்னா?"

அவன் தாள்களை அடுக்கி நேராக்கினான்.

"இந்த ஊர்ல எத்தினி பேரு சாயக்கையோட இருக்காங்க. அவங்கெல்லாம் மனுஷன்ல சேத்தி இல்லியாபா?"

நான் யாரையும் இப்படி எதிர்த்துக் கேட்டவன் இல்லை. கேட்டதும் அதற்கும் பயந்தேன். மூன்று வருஷ உழைப்பு, என்னால் கெட்டது என்று ஆகிவிடுமோ என்று. மச்சான் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தான். பிறகு பேனாவை எடுத்து, எந்த மனுஷனும் என்று டைப் அடித்திருந்த வரியைக் கோடு இழுத்து அடித்தான். ஓரத்தில் எழுதிக்கொண்டே எனக்காகத் தமிழில் சொன்னான்: விரல் கறைபட்டோ தடித்தோ இருந்தால் முள் அசையாமல் போகலாம், அப்போது காது மடலில் மாட்ட வேண்டும். அடித்திருந்த என் வரியைக் கோடு போட்ட தாளில் மறுபடி எழுதினான். வயது, தொழில், விரல்: இல்லை, காது: உண்டு.

எழுதி முடித்து என் காதுக்குக் கை நீட்டினான்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்பா" என்றேன்.

"ஓடுதுதான் மாமா. பாத்துட்டீங்க இல்ல?"

"இருக்கட்டும்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஓடுவதைப் பார்ப்பது இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு சின்னத் துள்ளலா, இதை நம்பித்தானா என்று. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நான் எடுத்தால் அது நின்றுவிடும் போல இருந்தது. மனைவி காப்பி வைத்துவிட்டுப் போனாள். ஆறியது. துள்ளல் மெள்ளச் சின்னதாகியது, இன்னும் சின்னதாகியது, முள் கீழே சாய்ந்து படுத்தது.

"பேட்டரி மாமா" என்றான் மச்சான் உடனே. "பேட்டரிதான்."

தெரியும் என்று தலையசைத்தேன். மெய்யாகவே தெரிந்திருந்தது, பல்பும் அணைந்திருந்தது. என்றாலும் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையை ஈரத்தோடே பிடித்து என் நெஞ்சில் வைத்து, "இன்னும் அடிக்குதா பாரும்மா" என்று கேட்டேன்.