கதீஜா அக்காவின் வகுப்புக்குள் நுழைய ஒரு தப்பு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. பட்டியைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். கதீஜா அக்காவின் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு எங்கள் மேய்ச்சல் குரூப்பில் அவர் பேசுவார். நான் அதைச் சத்தமாக வைத்துக் கேட்டபடிதான் ஆடுகளை ஓட்டுவேன். அன்றைக்கும் சத்தமாகத்தான் வைத்தேன். பேசியது அவர் மகள் நஸ்ரின்.

“எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். அம்மா விடிகாலையில மவுத்தாயிட்டாக. நெஞ்சுவலி. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அம்மாவுக்காக துவா செய்ங்க.”

அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே போன ஆடுகளை எல்லாம் திரும்பப் பட்டிக்குள் அடைத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பதினைந்து செம்மறிகளும் என்னை முறைத்தன. அக்கா பார்த்திருந்தால் அவரும் முறைத்திருப்பார். “நான் மவுத்தானா ஆட்டுக்கு எதுக்குத்தா பட்டினி?” என்று கேட்டிருப்பார். மறுபடி திறந்துவிட்டேன்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். கதீஜா அக்கா உத்தமபாளையத்துக்காரர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கணவருக்கு பஜாரில் கடை. அக்காவுக்கு அவர் அத்தா, அதாவது அப்பா, எழுதிக் கொடுத்த தென்னந்தோப்பும், அதன் அடியில் மேயும் செம்மறிகளும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தோப்பில் ஒரு வகுப்பு நடத்துவார். புல்லை எப்படிப் பங்கு போடுவது, மேய்ந்த இடத்தை எத்தனை நாள் ஆறப்போடுவது, களைக்கொல்லி இல்லாமல் தோட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பேச்சு போகும். கடமலைக்குண்டிலிருந்து கம்பம் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். கட்டணம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. எதற்காக ஆரம்பித்தார் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “பயிற்சின்னு ஒரு எடத்துக்குக் கூப்பிட்டாக. பைலு குடுத்தாக, வடை குடுத்தாக, கைதட்டச் சொன்னாக. ஒரு ஆட்டைக் கூடக் கண்ணுல காட்டல.”

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு எல்லாமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, எங்கெங்கோ இருக்கிற தேசத்துப் பண்ணை வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து மேய்ச்சல் படித்தவள் நான். தேவாரத்துக்கு வெளியே ஒரு கரட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பழைய மீன்வலையால் எட்டுப் பாத்தியாகப் பிரித்து, பதினெட்டு செம்மறிகளை விட்டிருந்தேன். அப்பா ஒரு வருடம் கெடு வைத்திருந்தார். “ஒரு வருசம். அதுக்குள்ள ஆடு நின்னா நீ இங்கன இரு. இல்லாட்டி திருப்பூருக்கு உங்க சித்தி கூடக் கம்பெனி வேலைக்குக் கெளம்பு.”

தோப்பு வாசலில் அக்கா என்னை நிறுத்தினார்.

“உள்ள வர்றதுக்கு ஒரு தப்பு சொல்லணும்த்தா. உன் காட்டுல நீ செஞ்சது. அடுத்தவுக தப்பு செல்லாது.”

இதுதான் அவருடைய வகுப்பின் விதி. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு தப்பைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, “நான் இன்னும் தப்பு ஒண்ணும் பண்ணலக்கா” என்றேன், மனமார.

பின்னாலிருந்து ஒரு குரல்: “அப்ப இன்னும் ஆடே வாங்கலைன்னு அர்த்தம்.”

தோப்பே சிரித்தது. அந்தக் குரல் மொக்கராசு மாமாவுடையது. என் கரட்டு நிலத்தை ஒட்டித்தான் அவருடைய திராட்சைத் தோட்டம். நான் விடவில்லை. கைபேசியை எடுத்து, ஒரு பாத்தியில் மூன்று நாள், பிறகு இருபது நாள் ஓய்வு என்று வீடியோவில் பார்த்த கணக்கை ஒப்பித்தேன். அக்கா கடைசி வரை கேட்டார். அதுதான் அவரிடம் பயங்கரமான விஷயம், கடைசி வரை கேட்பார்.

“நல்லாத்தான் இருக்கு. அந்த ஊருல இருவது நாளுல புல்லு வந்துரும். இங்கன சித்திரையில இருவது நாளு விட்டா என்ன வரும்?”

“…மண்ணு.”

“இந்தா, தப்பு சொல்லிட்டா. உள்ள வா வீடியோப் புள்ள.”

அன்றிலிருந்து என் பெயர் வீடியோப் புள்ள. நானும் அன்றிலிருந்து அவருடைய வெறித்தனமான ரசிகை. அவர் போட்ட குரல் செய்தி ஒன்று விடாமல் தலைப்பு வைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். இடுப்பில் கை வைத்து முறைக்கிற அவர் படத்தை வெட்டி, “மேய்ஞ்சது போதும், வெளிய எடு” என்று எழுதி ஸ்டிக்கர் செய்து ரகசியமாக நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒரே வாரத்தில் அது அவர் கைக்கே போய்விட்டது. செத்தோம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குரூப்பில் அவரே அந்த ஸ்டிக்கரைப் போட்டு, “மூக்கு கொஞ்சம் பெருசா வந்துருச்சு. வேற செஞ்சு குடு” என்றார்.

அவரே தன் தப்புகளைச் சொல்லும்போது கேட்க வேண்டும். முதன்முதலில், தென்னந்தோப்பை ஒட்டித் தங்களுக்கு இருந்த திராட்சைப் பந்தலுக்கு அடியில் செம்மறிக்குப் பதிலாக வெள்ளாட்டை விட்ட கதை எல்லாருக்கும் மனப்பாடம். “வெள்ளாடு ரெண்டு காலுல நிக்கும்னு எனக்குத் தெரியும். பந்தல் ஒசரமும் தெரியும். ரெண்டையும் சேத்துக் கணக்குப் போடல. சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள ஒரு மூலைப் பந்தல்ல எலையும் இல்ல, பிஞ்சும் இல்ல. எங்க வீட்டுல அவுக ரெண்டு நாள் எங்கூடப் பேசல. மூணாம் நாளு, ‘அந்த ஆடு எது, பிரியாணிக்குச் சொல்லு’ன்னாக.”

அளவுகோல், தராசு என்று எதுவும் அவரிடம் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் நிற்பார். “மொழங்காலுக்குக் கீழ பாதி வந்தா ஆட்டை உள்ள விடு. கணுக்காலுக்கு எறங்குச்சா, வெளிய எடு. அதுக்கு மேல ஆடு திங்கிறது புல்லை இல்ல, அடுத்த வருசத்தை.” இதைச் சொல்லும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு காலை நீட்டி நிற்பார். கடமலைக்குண்டுப் பெண்கள் சிலர் அதே மாதிரி நின்று அனுப்பிய படங்கள் என்னிடம் இருக்கின்றன.

இனி சொல்லப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

மொக்கராசு மாமா தன் பந்தலுக்கு அடியில் களைக்கொல்லி அடிப்பவர். கவாத்து முடிந்து இலையும் கொடியும் கீழே கிடக்கிற நேரத்தில் என் செம்மறிகளை உள்ளே விட்டால் களையும் போகும், எருவும் விழும் என்று அக்கா பல மாதம் அவரிடம் பேசினார். மாமா கடைசியில் இறங்கி வந்தார். “மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு பத்து நாளாச்சு, பரவால்லயா?” என்று கேட்கவும் செய்தார். திராட்சைக்கு அந்தப் பூஞ்சை மருந்து எல்லாரும் அடிப்பதுதான். அக்கா வானத்தைப் பார்த்தார். “நடுவுல நல்ல மழை பேஞ்சிருக்கு. கழுவிட்டுப் போயிருக்கும். விடுங்க” என்றார்.

மூன்று வாரம் ஜோராகப் போனது. பந்தலுக்கு அடியில் தரை சுத்தமானது. நான் வீடியோ எடுத்துத் தள்ளினேன். நாலாவது வாரம் இரண்டு பெட்டை ஆடுகள் தலையைத் தொங்கப் போட்டன. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. இரண்டும் ஒரே நாளில் செத்தன. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் ஈரலில் சேர்ந்துவிட்டது, செம்மறிக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலே ஆகாது என்றார். மீதி ஆடுகளுக்கு மருந்து கொடுத்தார். அன்றே எல்லாவற்றையும் பந்தலிலிருந்து என் கரட்டுக்கு ஓட்டிவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து மூன்றாவது ஆடு செத்தது. நாலாவது படுத்துவிட்டது. பந்தலைவிட்டு வெளியே வந்த பிறகும் ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அப்பா சித்திக்குப் போன் போட்டார், நான் கேட்கும் இடத்தில் நின்று.

குரூப்பில் நெருப்புப் பற்றியது. மொக்கராசு வேண்டுமென்றே செய்தார் என்று ஒருவர். இனிமேல் ஒரு தோட்டக்காரனும் ஆட்டை உள்ளே விடமாட்டான் என்று இன்னொருவர். மாமா குரூப்பைவிட்டு வெளியேறினார். அக்கா எதற்கும் பதில் போடவில்லை. தினமும் முதல் பஸ்ஸில் தேவாரம் வந்து இறங்கி, என் பட்டியில் ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பார்த்தார். அந்த மாத வகுப்பை என் பட்டியிலேயே வைத்தார். மாமா வீட்டுக்குத் தானே போய்க் கூப்பிட்டார். மாமா வந்தார். எல்லாருக்கும் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

அக்கா முதலில் எழுந்தார். அன்றைக்கு வெள்ளாட்டுக் கதை இல்லை.

“மயில்துத்தம் அடிச்சதை மொக்கராசண்ணே எங்கிட்ட சொன்னாக. நாந்தான் மழை கழுவிருச்சுன்னு சொன்னேன். மழை எங்க கழுவும்? எலையில இருந்து புல்லுக்குக் கழுவும். இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. எனக்கே தெரியும்ங்கிற திமிரு. இந்தப் புள்ளையோட மூணு ஆடு செத்தது என் தப்பு.”

சிலர், “நீங்க என்னக்கா செய்வீக” என்று ஆரம்பித்தார்கள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “யாரும் எனக்கு ஆறுதல் சொல்லக் கூடாது. சொன்னா தப்பு சின்னதாயிரும்.”

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா தொண்டையைச் செருமினார்.

“நானும் ஒண்ணு சொல்லணும். கெணத்தடித் தொட்டி இருக்குல்ல… மருந்தடிச்சு முடிச்சதும் டேங்கை அதுலதான் அலசுவேன். பத்து வருசமா அப்பிடித்தான். போன வாரங்கூட அலசுனேன்.”

அந்தத் தொட்டியில்தான் என் ஆடுகள் தண்ணீர் குடித்தன. பந்தலில் மேய்ந்தபோதும் அதில்தான். கரட்டுக்கு ஓட்டி வந்த பிறகும், பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லாததால், காலையும் மாலையும் அதே தொட்டியில்தான். அன்றைக்குக் காலையிலும்.

நான் எழுந்து கத்தினேன். “இதை அப்பவே ஏன் மாமா சொல்லல? மூணாவது ஆடாவது—”

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற மாதிரியே பிடித்தார். என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

“அதைக் கேக்காதத்தா. கேட்டா அடுத்த தடவை சொல்ல மாட்டாக. இப்பச் சொன்னாகள்ல, அதைப் பிடிச்சுக்க.”

பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: “அண்ணே, வேலிக்கு அங்கிட்டு நின்னு என்ன பண்றீக? வாளி எடுங்க. ஏலே, நீங்களும் வாங்க. தொட்டியை எறைப்போம்.”

கூட்டம் மொத்தமும் கிணற்றடிக்கு ஓடியது. மாமாதான் முதல் வாளி. தொட்டியின் அடியில் பச்சை நீலமாக ஒரு படிவு இருந்தது. சுரண்டி எடுத்து, ஆடு போகாத மூலையில் குழி வெட்டிப் புதைத்தோம். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே இறங்கித் தேய்த்தார். மாமா மேலிருந்து, “ஏத்தா, அந்த மூலை, அந்த மூலை” என்று காட்டினார். “வாயால தேய்க்காம எறங்கி வாங்க” என்றார் அக்கா. அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எல்லாரும் சிரித்தோம்.

படுத்திருந்த நாலாவது ஆடு பிழைத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. அப்பா வைத்த கெடு முடிந்தபோது பட்டியில் பதினைந்து ஆடுகளும் ஒன்பது குட்டிகளும் நின்றன. அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, “குட்டிக்குத் தனியாத் தடுப்பு கட்டணும்” என்றார். திருப்பூர் பேச்சு அத்தோடு முடிந்தது. மாமா குரூப்புக்குத் திரும்பினார். மாமாவின் பந்தல் காலில் இப்போது ஒரு சிலேட்டு தொங்குகிறது. என்ன அடித்தார், என்றைக்கு அடித்தார் என்று அதில் எழுதி வைக்கிறார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிச் சிலேட்டு தொங்குகிற தோட்டங்கள் இன்னும் சில உண்டு. எந்தத் துறையும் சொல்லித் தொங்கவில்லை.

அடக்கத்தன்று உத்தமபாளையம் வீட்டில் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். குர்ஆன் ஓதி முடிந்து அமைதியாக இருந்த நேரத்தில் கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் மெதுவாக, “நான் போன மாசம் ஆத்தோரப் புல்லை மொட்டையாக்கிட்டேன். அக்காட்ட சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். அடுத்தவர் தன்னுடையதைச் சொன்னார். ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அழுகையும் சிரிப்புமாக ஒரு வகுப்பே நடந்துவிட்டது. சொந்தக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நஸ்ரின் மட்டும் எழுந்து போய்த் வகுப்பில் சொல்லும் தப்புகளைத் தன் அம்மா குறித்து வைத்த நோட்டைக் கொண்டுவந்து எழுத ஆரம்பித்தாள்.

நேற்று நான் வெளியே போயிருந்த நேரத்தில் அப்பா ஆடுகளை ஓட்டியிருக்கிறார். இன்று காலை டீ டம்ளரோடு பட்டிக்கு வந்து நின்றார். எதையோ சொல்ல வந்து இரண்டு தடவை டீயைக் குடித்தார். டம்ளர் காலி.

“நேத்து அந்தக் கடைசிப் பாத்தியோட வலையைக் கட்ட மறந்துட்டேன். நீ ரெண்டு மாசமா ஆறப்போட்டிருந்தேல்ல, அதை முச்சூடும் மேஞ்சிருச்சுக.”

என் அப்பா என்னிடம் ஒரு தப்பைச் சொல்வதை என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். நேற்று மாலையே சொல்லியிருந்தால் ராத்திரியாவது ஒரு திட்டம் போட்டிருப்பேன். ‘நேத்தே ஏன் சொல்லல?’ நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

விழுங்கினேன்.

“சரிப்பா. வலையைப் பிடிங்க, ஒரு ஓரத்தையாவது காப்பாத்துவோம்” என்றேன். அப்பா டம்ளரை வேலிக் கல்லில் வைத்துவிட்டு வந்து வலையைப் பிடித்தார்.

அக்காவின் குரல் செய்திகள் எல்லாம் என் கைபேசியில் இருக்கின்றன, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புகிறேன், கேளுங்கள். ஆனால் அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேட்காத கேள்வியை.