மணிவிழா மலரில் அச்சான ராஜினாமா

"மார்ச் 3, திங்கட்கிழமை." என் நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கும் நகலில் கடிதத்தின் தேதி இதுதான். மொத்தம் நான்கு பத்திகள். முதல் மூன்றும் நன்றி. நான்காவது இப்படி: "வேறொரு வேலை அமைந்திருப்பதால், வரும் ஏப்ரல் 2 மாலையுடன் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஓர் அரிசி ஆலை. வந்து இறங்கும் நெல்லில் ஈரப்பதம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் முதலாளி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கத்துகிற ஆள் என்று சொல்ல முடியாது, குரலே உயராது. எடைமேடையில் ரசீது போடும் அக்காவைப் பார்த்துத்தான் பேசுவார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

"ஈரம் பத்தொன்பதுன்னு எழுதியிருக்காரே, எழுதிட்டா காஞ்சிருமான்னு கேளுங்கம்மா."

வரிசையில் நிற்கும் விவசாயிகள் சிரிப்பார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, ஐயா கேக்குறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசீதைக் கிழிப்பார். பதிலையும் நான் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு விதை நிறுவனத்தின் ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரே நிபந்தனை: ஏப்ரல் 7க்குள், பழைய இடத்து ரிலீவிங் லெட்டரோடு வந்து சேர வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினால் அந்தக் கடிதம் கிடைக்காது. அது தவிர, எங்கள் ஊர் நெல் முழுக்க இந்த ஆலைக்குத்தான் வருகிறது, அப்பாவின் மூன்று மா நிலத்து நெல்லும் சேர்த்து. ஆகவே மூன்று நாள் உட்கார்ந்து என் ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன். பொறுமை என்றால் என்ன என்பதை உங்களிடம்தான் கற்றேன் என்று ஒரு வரி. பொய் இல்லை.

முதலாளி கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அக்காவிடம், "தமிழ் நல்லா எழுதுறாரும்மா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. மார்ச் 10 அன்றும் 14 அன்றும் அக்கா மூலம் நினைவுபடுத்தினேன். இரண்டு முறையும் வந்த பதில், விசேஷம் முடியட்டும் என்பதுதான். விசேஷம் என்றால் அவருடைய அறுபதாம் கல்யாணம். பங்குனியில் அவர் நட்சத்திரத்தன்று திருக்கடையூரில். மணிவிழா மலர் ஒன்றும் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் மருமகன்தான் பொறுப்பு, கும்பகோணத்து அச்சகம்.

விசேஷத்தன்று விடியற்காலையில் ஆலை ஊழியர்கள் எல்லோரையும் ஒரே வேனில் அழைத்துப்போனார்கள். அப்பாவும் வந்திருந்தார். கலச நீர் ஊற்றி, தாலி கட்டி, மாலை மாற்றி முடிந்ததும் பந்தி. சாப்பிட்டு எழுந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் மலரையும் போட்டுக் கொடுத்தார்கள். மண்டபத் தூணோரம் நின்று புரட்டினேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் என் அடையாள அட்டைப் படம். மேலே "என் முதலாளி" என்று தலைப்பு. கீழே என் கடிதம், நன்றி சொல்லும் மூன்று பத்திகளும் ஓர் எழுத்து மாறாமல். அதற்கடுத்து நேராக "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று என் பெயர். நான்காவது பத்தி இல்லை.

அக்கா பையைக் கையில் பிடித்தபடி வந்தார். "ஏன் தம்பி, போறேன் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, இங்க வந்து பாட்டு பாடியிருக்கீங்களே."

இது ராஜினாமாக் கடிதம் என்றேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, அப்படித் தெரியவில்லையே என்றார். எனக்கும் தெரியவில்லை. அப்பா அதற்குள் பக்கத்து ஊர்க்காரர் இருவரிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் வாங்க வரிசை நின்றது. என் முறை வந்தபோது விழுந்து கும்பிட்டு எழுந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி, மகள், மருமகன். அட்சதை ஒட்டிய கையை என் தோளில் வைத்து, ஒன்பது வருஷத்தில் முதன்முதலாக, என்னிடமே பேசினார்.

"இவ்வளவு எழுதிட்டு எங்க போகப் போறீங்க?"

கேலி இல்லை. உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. போட்டோக்காரர் என்னைக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினேன். அந்தப் படத்தில் நான் சிரித்தபடி இருக்கிறேன்.

மார்ச் 31 அன்று இரண்டாவது கடிதம் கொடுத்தேன். இரண்டே வரி, நன்றி எதுவும் இல்லை. அக்கா அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். முதலில் எழுதியதுதான் என் மனசாம், இது யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியதாம். அப்படிச் சொல்லச் சொன்னாராம். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் மலரில் போட்டு மரியாதை செய்தவரை எப்படி விட்டுவிட்டு வருவது என்று கேட்டார்.

ஏப்ரல் 4 அன்று விதை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, கூடுதலாகப் பத்து நாள் கேட்டேன். 8ஆம் தேதி பதில் வந்தது: அடுத்த நிலையில் இருந்தவரை எடுத்துக்கொண்டார்களாம், வாழ்த்துகளாம். அன்று காலை பத்தரைக்கு ஒரு டிராக்டர் நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்தேன். பதினெட்டு. முதலாளி பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

பின்னர் மருமகனைக் கேட்டேன். தனக்கு வாட்ஸ்அப்பில் வந்ததே மூன்று பத்திதான் என்றார். யார் அனுப்பியது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார், சொல்லவில்லை. அச்சகத்தில் கேட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டால் கடைசியில் வெட்டிவிடுவது வழக்கம் என்றார்கள். வந்த தாள்களை வைத்திருப்பதில்லையாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. முதலாளியை நான் கேட்கவில்லை. நான்காவது பத்தியை எடுத்தது யார் என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.