என் பையில் என்ன இருந்தது

முப்பத்தொரு வயதில் முதல்முறையாகத் தனியாகக் குடிபோனேன். சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், நான்காவது மாடியில், ஒரு பழைய வாடகை வீடு. தேக்கா பக்கத்திலிருக்கும் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் நான் பெட்டி கட்டிய விதத்தைப் பார்த்தவர்கள் தென்துருவத்துக்குக் கிளம்புகிறான் என்று நினைத்திருப்பார்கள். அம்மா தடுக்கவில்லை. ஒரு டப்பா நிறைய மீன் குழம்பைக் கையில் கொடுத்தார்.

"ஒரு மாசம் பாப்பேன். கடைசி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா அங்கதான் வருவேன். மனுசனா இருந்தா இரு. இல்லன்னா அன்னிக்கே பெட்டியத் தூக்கிக்கிட்டு என்கூட வந்துடணும்."

"சரி லா மா" என்றேன். ஒரு மாதம் மனிதனாக இருப்பது அவ்வளவு கஷ்டமா என்ன.

முதல் வாரம் சொர்க்கம். குளியலறைக் கதவைச் சாத்தாமல் பாடிக்கொண்டே குளித்தேன். ஈரத் துண்டை மெத்தைமேல் எறிந்தேன், யாரும் கத்தவில்லை. இரண்டாம் வாரமும் யாரும் கத்தவில்லை. அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அலுவலகத்தை விட்டு வந்தால் திங்கட்கிழமை வரைக்கும், அம்மாவின் போனைத் தவிர, நான் பேசுகிற ஒரே வாக்கியம் "ரெண்டு பரோட்டா, கட்டிக் குடுங்க" என்பதுதான். நான்காம் வாரம் ஒருநாள் ரைஸ் குக்கர் 'டக்' என்றபோது, "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்திருந்தேன். சோறு காந்தலாகிப் போனது. அன்றோடு குக்கருக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

கடைசி ஞாயிறு காலை, அம்மா வருவதற்குள் தடயங்களை அழிக்க இறங்கினேன். மேசைமேல் கிடந்ததை எல்லாம் ஒரே வாரலில் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் தள்ளினேன். சமையலறைச் சுவரிலுள்ள குப்பைக் குழாயைத் திறந்து பையை உள்ளே விட்டேன். நான்கு மாடி இறங்கி 'கிளிங்' என்று விழுந்தது. பரோட்டாவுக்கு ஏது இந்தச் சத்தம் என்று சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றேன்.

சாவிக்கொத்து. இரும்புக் கேட்டை ராத்திரி உள்பக்கமாகப் பூட்டியவன் நான். தொலைந்துவிடக் கூடாதென்று மாற்றுச் சாவியையும் அதே கொத்தில் கோத்துவைத்த புத்திசாலியும் நானே.

பூட்டுத் திறக்கிறவர் மத்தியானம்தான் வர முடியும் என்றார். போனில் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். பிறந்தநாளுக்கு கேக் படம் அனுப்பத் தோதான ஆட்கள் ஏராளம். 'நான் மாட்டிக்கொண்டேன், வா' என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் பூசையில் இருந்தார். நான் உள்ளேயே செத்துக் கிடந்தாலும், அம்மாவைத் தவிர யாருக்கும் திங்கட்கிழமைதான் தெரியவரும். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கீழே குப்பை வண்டியின் சத்தம் கேட்டது. சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன்.

"அண்ணே, தமிழா?"

துப்புரவு ஊழியரின் தொப்பி நிமிர்ந்தது. "தமிழ்தான். என்ன தம்பி?"

"குப்பையோட சாவியப் போட்டுட்டேன். உள்ள மாட்டிக்கிட்டேன்."

"நல்லாத்தான் பூட்டியிருக்க. இங்க பூராம் சிவப்புப் பையாக் கிடக்கு. உன்னுதுல என்ன இருக்கு, சொல்லு."

மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். அதனால் என் ஒரு மாத வாழ்க்கையை மொத்த பிளாக்குக்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று.

"பரோட்டா பொட்டலம்."

"அது எல்லார் பையிலயும் இருக்கு. வேற?"

"கப் நூடுல்ஸ். காந்திப்போன சோறு, உருண்டையா."

"உருண்டை ரெண்டு பையில இருக்குப்பா. வேற?"

வேறு வழியில்லை. "பச்சை மூடி டப்பா. உள்ள மீன் குழம்பு."

கொஞ்ச நேரம் கிளறினார். "இந்தா, சாவி இருக்கு. யப்பா, என்னா நாத்தம். ஒரு துண்டு மீன் முழுசாக் கிடக்கே, ஏன்யா திங்கல?"

இரண்டே நாளில் காலி என்று அம்மாவிடம் போனில் அளந்திருந்தேன். உண்மையில் முதலில் நாளுக்கொரு துண்டு, பிறகு நாளுக்கொரு கரண்டி, பிறகு ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்ப்பதோடு சரி. பொய் வெளிப்படக் கூடாதென்று அன்று காலைதான் டப்பாவை எடுத்து மேசையில் வைத்திருந்தேன்.

"சாப்பிட்டா தீந்துரும்ணே."

"என்னது?"

"தீந்துரும். அப்புறம் வீட்டுலேருந்து கொண்டாந்தது ஒண்ணுமே இருக்காது."

அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே பூசைக்குக் கட்டும் நீலச் சேலையில், கையில் தூக்குப்பையோடு அம்மா நின்றிருந்தார். எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை.

மேலே வந்து கேட்டை அவரே திறந்தார். சாவியும் ஈரம், கையிலிருந்த பச்சை மூடி டப்பாவும் ஈரம். கீழேயே கழுவியிருக்கிறார்.

"நல்ல டப்பா. தூக்கிப் போட்டிருக்க."

நான் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கொஞ்சம் வேகமாகவே இழுத்தேன்.

"அது எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, மனுசனா இல்லன்னா..."

"வந்து உக்காரு."

தூக்குப்பையிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. நான் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். கடைசித் துண்டை ஓரமாக ஒதுக்கினேன்.

"அதையும் சாப்பிடு. புதன்கிழமை வேற கொண்டாறேன்."

சாப்பிட்டேன். தட்டு காலியானது. கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது நடுவீட்டில் நின்ற என் பெட்டியைக் காலாலேயே தள்ளி, மறுபடி கட்டிலுக்கடியில் விட்டுவிட்டுப் போனார்.