பதினான்காம் பக்கத்துப் பாடகி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழைத்தோட்டக் கூலிக்குப் போன அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழாசிரியை ஆனபோது, என் நடையில் கர்வம் தெரிகிறது என்று சக ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபின் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

அந்த வருடம் பாட்டு டீச்சர் ஓய்வு பெற்றார். ஆண்டு மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் வேலை எனக்கு வந்தது. முப்பது வருடமாகக் காலைக் கூட்டத்தில் பியானோ வாசித்தவர், ஞானப்பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு மத்தியானம் இசை அறையில் அவரே சொன்னார். அவருடைய அப்பா வால்பாறையில் எஸ்டேட் துரைமார் கிளப்பில் சமையல்காரர். பாட வேண்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட, சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்த பதினேழு வயதான இவரைக் கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தினார்கள். அதன்பின் சனிக்கிழமைதோறும் ஜாஸ். அப்புறம் ஊட்டி, பெங்களூர் ஹோட்டல்கள், ஒரு மழைக்காலம் முழுக்கக் கொழும்பு. கல்கத்தாவில் பதிவான ஒரே இசைத்தட்டு கடைக்கு வரவே இல்லை. துரைமார் கப்பலேறினார்கள். கூட வாத்தியம் வாசித்தவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். இவரை யாரும் கூப்பிடவில்லை.

"தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடியே நிக்கோணுங்க டீச்சர். கிளம்பின பஸ்ஸை ஓடிப்போய்ப் புடிக்கிற மாதிரி. ஆனா உட்டுறக் கூடாது."

மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ஒரு வரி பாடிக் காட்டினார். என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை; கால் தானாகத் தாளம் போட்டது.

"கிளப்புன்னே போடுங்க. ஜாஸுன்னும் போடுங்க. ஒரு தடவையாவது அச்சுல பாத்துக்கறேன்."

சரியென்று தலையாட்டினேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. என் எழுத்து முதன்முதலாக அச்சில் வரப்போகிறது. அம்மா அதை ஊரில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள். கிளப்பில் பாடினவளைப் பற்றியா உன் மகள் எழுதுகிறாள் என்று ஒருவர் கேட்டால் போதும். டீச்சருக்கும் கெட்ட பெயர் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிளப்பை அடித்துவிட்டு ஆலயம் என்று எழுதினேன். ஜாஸ், பக்திப் பாடல் ஆனது. எங்கள் பக்கத்தில் ஒருவரை மரியாதையாகச் சொல்வதென்றால் சங்கடமானதை விட்டுவிட்டுத்தான் சொல்வோம். நானும் மரியாதை செய்ததாகவே நம்பினேன்.

மலர் வந்தது. ஆசிரியர் அறையில் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினான்காம் பக்கத்தை மெதுவாகப் படித்தார்.

"நல்ல தமிழுங்க டீச்சர். யாருங்க இந்தம்மா?"

வேடிக்கைப் பேச்சென்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் மலரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்று எந்த வகுப்பிலும் எனக்கு நிலைகொள்ளவில்லை. இரண்டு தடவை சாக்பீஸ் ஒடிந்தது. மணி அடித்ததும் டவுன்ஹால் பக்கம் இருந்த அச்சகத்துக்கு ஓடினேன்.

"ஏனுங்க அம்மணி, உங்க பொழப்பே அடுத்தவங்க தப்பைத் திருத்தறது. உங்க தப்பை நான் திருத்தோணுமா?" என்றார் அச்சகக்காரர். ஆனாலும் அடித்துக் கொடுத்தார். விரலகலத் துண்டுச் சீட்டுகள்: 'பக்கம் 14. ஆலயத்தில் பக்திப் பாடல்கள் பாடினார் என்பது தவறு. கிளப்பில் ஜாஸ் பாடினார்.'

மறுநாள் காலை, பிள்ளைகளுக்கு இன்னும் கொடுக்காமல் அடுக்கியிருந்த மலர்களில் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு ஒட்டறீங்க?"

"எழுதினது நானுங்க. பொய்யா எழுதினதும் நானுங்க."

சீட்டை எடுத்துப் படித்தார். "இப்படிப் போடச் சொல்லி அவங்களே சொன்னாங்களா?"

"மொதல்லயே சொன்னாங்க."

சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கோணலா ஒட்டாதீங்க," என்றார். போகும்போது திரும்பி, "தாளாளருக்கும் நன்கொடை குடுத்தவங்களுக்கும் இருபது மலர் நேத்தே போயிருச்சு," என்றார்.

டீச்சரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். அது கிளம்பவில்லை.

"எல்லாத்துலயும் இருக்குதுங்களா?"

"இருபதைத் தவிரங்க."

"அப்ப அந்த இருபது ஊட்டுல நான் வேற ஆளு," என்றார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் இருபது சீட்டையும் பசை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, முதலில் தாளாளர் வீட்டுக்குப் போனேன். வழிநெடுக பஸ்ஸில் கிளப் என்ற அந்த ஒரு சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தேன். அழைப்பு மணியை அழுத்தினேன். நாய் குரைத்தது.

"ஆருங்க அது?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"பள்ளிக்கூடத்துல இருந்துங்க. எங்க பாட்டு டீச்சர் கிளப்புல பாடினவங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றேன். அதைச் சொல்லக் கதவு திறக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.