படகின் பதிலுக்காக எபி எழுதிய வரி

சிறுசேரி போகும் கம்பெனி பேருந்து கேளம்பாக்கத்தில் நெரிசலில் நின்றபோது செய்தி வந்தது. எபி போய்விட்டான், மாரடைப்பு. "எங்கே போனான்?" என்று திருப்பிக் கேட்டேன். அப்படித்தான் கேட்கத் தோன்றியது. நம் அலுவலகத்தில் எபினேசரோடு டீ குடிக்காதவர்கள் யாரும் இல்லை. உங்களுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இணையப் பக்கத்துக்காகத் தூரத்துச் சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கும் ஒரு குட்டி நிரல் தொகுப்பு, லைப்ரரி என்போம், அதுதான் எங்கள் பிழைப்பு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாத சாமான் அது. கேட்டவுடன் பதிலைத் தராது. 'வந்ததும் தருகிறேன்' என்று ஒரு வாக்கைத் தரும், அதற்குப் பெயரே 'பிராமிஸ்'. வரம்பு வைத்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று கைவிரித்துவிடும். நாங்கள் எல்லோரும் பதில் வந்தால் என்ன செய்வது என்று எழுதுவோம். எபி, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற வரிகளைத்தான் முதலில் எழுதுவான். "நல்லது வந்தா அது தானா நடந்துக்கும் மச்சான்" என்பான்.

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்துக்காக, கடலில் படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று செய்தோம். சோதித்துப் பார்க்கக் கரைக்குப் போனோம். மகனைக் கடலுக்கு அனுப்பியிருந்த ஓர் அம்மாவின் போனில் சிவப்பு எழுத்தில் 'தோல்வி' என்று வந்தது.

"தோல்வின்னு வருதே, எம்புள்ளைக்கு இன்னா ஆச்சி?" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிக்னல் இல்லை, அவ்வளவுதான் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எபி பக்கத்தில் உட்கார்ந்தவன், படகு கரையேறும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அந்த ஓர் இடத்தில் மட்டும் நேர வரம்பை எடுத்துவிட்டான். பதில் வரும்வரை திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"வரலன்னு சொல்றதுக்கு நாம யாரு மச்சான்?"

"அப்ப எப்பத்தான்டா சொல்றது?" என்றேன். சிரித்துக்கொண்டே திரைப் பக்கம் திரும்பிவிட்டான்.

படூரில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் ஆபீஸ்ல இன்னா வேல பண்ணான் நைனா? கேட்டா சிரிப்பான்." இந்தப் படகுக் கதையைத்தான் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

கேட்டு முடித்ததும், "அன்னிக்கு ஆஸ்பத்திரில ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. என்ன சொம்மா குந்த வெச்சிகினே இருந்தாங்க. அதான் பேஜாரா இருந்திச்சி. இன்னும் தெர்லம்மான்னு வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

மகன் சொன்னது சரியா, அம்மா சொல்வது சரியா?

இப்போது அந்த வரி என் பொறுப்பில் இருக்கிறது. வரம்பு இல்லாமல் விடக்கூடாது என்கிறார்கள் மேலதிகாரிகள். எபியின் வரியில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை, வைக்காமல் விட்டால் அவன் அம்மாவின் முகம் வந்து நிற்கிறது. கடைசியில் வரம்பை வைத்தேன். ஆனால் அது கடந்தால் 'தோல்வி' என்று வராது. 'இன்னும் தெரியவில்லை, மறுபடியும் கேட்கிறோம்' என்று வரும். பக்கமும் மறுபடி கேட்கும்.

தோல்வி என்ற சொல்லை அவசரப்பட்டு எழுதாத அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான் எபியிடமிருந்து எனக்கு மிச்சம். எழுதி முடித்ததும், "இது சரியாடா?" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துக் கேட்டேன். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டும் இருந்தேன்.