அடைபடாத கான்

என் அக்கா கலாராணி முதுகு வலிக்கிறது என்று சொன்னபோது யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான். நமுனுகுல மலையில் முப்பத்தெட்டு வருடம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித் தேயிலைக் கொழுந்து சுமந்த பொம்பளைக்கு முதுகு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும்? தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பன்னிரண்டிலும் யாராவது ஒருவர் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். அக்காவும் ஒரு வருடம் தேய்த்தாள். போன சித்திரையில் பீலியில் தண்ணீர் பிடித்த வாளியைக் குனிந்து தூக்கும்போது முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய், மைலோமா என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான். நான் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பெயர் புவனேந்திரன். அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினேழு. எட்டாம் நாள் அவள், முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவின் பழைய கூடையை எடுத்துக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுத்தாள். கல்யாணம் ஒன்றும் நடந்தது. புருஷன் மூன்றாம் வருடம் கொழும்புக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். அவள் அதற்காக அழுததைவிட, நான் ஒருமுறை கணக்கில் பெயிலானதற்காக அழுததுதான் அதிகம். இப்படிக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி என்னைப் பட்டதாரி ஆக்கினாள். அந்தப் பட்டதாரிக்கு அக்காவின் முதுகுவலி மட்டும் கண்ணில் படவில்லை.

அக்காவோடு நீங்கள் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும், மனுசி ஒரு பொருளையும் வீசமாட்டாள். கிழிந்த சேலை தலைத்துணியாகும். தலைத்துணி நைந்தால் கரித்துணியாகும். அதுவும் இற்றுப்போனால் திரியாகி விளக்கில் எரியும். பால் போட்ட தேத்தண்ணி அவளுக்கு ஆகாது. வெறும் சாயம்தான். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு. நான் எடுத்துக் கட்டிய வீட்டுக்கு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். லயத்தை விட்டு அசையமாட்டாள். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டும் வாசலைக் கூட்டுவாள். சொன்னால் கேட்கிற ஜென்மம் இல்லை.

வாரம் ஒரு ஊசி. முதல் ஊசி போட்டுவிட்டு வரும்போது, பஸ்ஸில் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, இந்த ஊசி உள்ளுக்க போயி என்னா செய்யுது?"

இப்படிக் கேட்டால் எனக்கு விடத் தெரியாது. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்கள், ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை செய்கின்றன, வேலை செய்து தேய்ந்துபோனதையும், செய்யும்போதே கோணலாய்ப் போனதையும் கலம் அப்படியே விட்டுவைக்காது என்றேன். அதன் மேல் ஒரு சின்னப் புரதத்தை அடையாளமாக ஒட்டும். அடையாளம் விழுந்ததைப் பீப்பாய் மாதிரி ஒரு பொறி உள்ளே இழுத்துத் துண்டு துண்டாய் வெட்டிவிடும். அந்தத் துண்டுகள் இன்னும் சிறிதாகி அமினோ அமிலங்களாகும். அவற்றை எடுத்துக் கலம் புதுப் புரதம் செய்துகொள்ளும்.

"சேலையக் கிழிச்சுத் தலத்துணி தைக்கிறாப்ல" என்றாள்.

"அதேதான்க்கா."

"அப்ப நல்ல வேலதானே. அத எதுக்கு ஊசி போட்டு நிப்பாட்டுறாங்க?"

வகுப்புக்கு முப்பது பிள்ளைகளாய் இத்தனை வருடம் படிப்பித்தும் ஒருத்தன்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளுடைய நோய்க்கலம் ஓயாமல் உதவாத புரதத்தைச் செய்து தள்ளுகிறது, அதனால் மற்றக் கலங்களைவிட அதற்குக் கழிவும் அதிகம் என்றேன். லயத்துக்குப் பின்னால் ஓடும் கானை, கழிவுத்தண்ணி போகிற அந்தக் கானை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அது அடைபட்டால் எந்தக் காம்பரா முதலில் முங்கும்? எங்கே அதிகமாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்களோ அதுதான். இந்த ஊசி அந்த வெட்டுகிற பொறியை நிறுத்துகிறது. கழிவு தேங்கி, நோய்க்கலம் மூச்சு முட்டிச் சாகும்.

"கான அடைக்கிற ஊசி" என்று அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து லயம் முழுக்க அதற்கு அதுதான் பெயர்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? போனில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்தேன். பச்சைத் தேயிலை புற்றுநோய்க்கு எதிரி, தினமும் நாலு கோப்பை. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று அடித்துக்கொண்டேன். பெரகலச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஸாஹிர் என்னோடு படித்தவன். வெளிநாட்டுக்குப் போகிற தரத்தில் பச்சைத் தேயிலை எடுத்துத் தருகிறேன் என்றான். மூன்று பஸ் மாறிப் போய் வாங்கி வந்தேன். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் லயத்துக்கு நடந்து, பிளாஸ்க்கில் இலையைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, மூடி வைத்துவிட்டுத்தான் போவேன். ஊசி நாளிலும்.

"இது என்னாடா கசாயம், பச்ச வாட அடிக்குது" என்றாள்.

"பேசாம குடிக்கா. வாத்தியார் சொல்றேன்."

மாலையில் போன் செய்து குடித்தாயா என்று கேட்பேன். குடித்தேன் என்பாள். நாலு மாதம் ஒரு நாள் தவறவில்லை.

நாலு மாதம் முடிந்து ரத்தம் சோதித்த முடிவை வாங்க நான் மட்டும் கிளினிக்குக்குப் போனேன். அக்காவுக்கு அன்று பஸ் பயணம் தாங்காது போலிருந்தது. நோய்க்கலம் செய்து தள்ளும் அந்த உதவாத புரதத்தின் அளவு சித்திரையில் நாற்பத்திரண்டு. இப்போது நாற்பத்தொன்று. டொக்டர் தனேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பாதியாவது குறைஞ்சிருக்க வேணும், மாஸ்டர். அக்கா வேற ஏதும் எடுக்கிறவவோ? கசாயம், விற்றமின் சி, பச்சைத் தேயிலை?"

பச்சைத் தேயிலை, நான்தான் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது கூடாதெண்டு நான் முதல் நாளே தந்த தாளில கிடக்கே. பச்சைத் தேயிலையில இருக்கிற ஒரு பொருள், இந்த மருந்தைப் பிடிச்சுக்கொண்டு வேலை செய்ய விடாதெண்டு ஆய்வுகூடத்தில கண்டிருக்கினம். வழமையான தேத்தண்ணி அளவாக் குடிக்கலாம். பச்சை வேண்டாம்."

அந்தத் தாள் பைலுக்குள்தான் இருந்தது. எனக்குத் தெரியாததா என்று நான் பிரித்துக்கூடப் பார்க்காத தாள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? கொழுந்து கிள்ளிப் படிக்க வைத்தவளின் மருந்தை, அதே தேயிலையைக் கொடுத்துக் கெடுத்திருக்கிறேன். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அதாலதான் மருந்து வேலை செய்யேல்லையோ, டொக்டர்?"

"அப்பிடியெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது. முதல்ல நிப்பாட்டுங்கோ. இன்னும் ரண்டு மாசம் பார்ப்பம். அப்பவும் குறையாட்டி, இந்த மருந்துக்கு அவவின்ர நோய் அசையாதெண்டுதான் அர்த்தம். வேறதான் யோசிக்க வேணும். அது சுகமான வழியில்லை."

சொன்னால் வெட்கம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பு என்னுடையது என்றால் மருந்தின் மேல் தப்பில்லை. என் முட்டாள்தனத்தை நிறுத்தினால் போதும், ஊசி தன் வேலையைச் செய்யும், நாற்பத்தொன்று இருபதாகும், பத்தாகும். லயத்துக்கு ஏறும் பாதையில் கிட்டத்தட்ட ஓடினேன்.

அக்கா வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலையில் நான் வைத்த பிளாஸ்க். எடுத்து ஆட்டிப் பார்த்தேன். காலி. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இனிமே இந்தப் பச்சத் தேயில ஒரு சொட்டு வாயில வைக்கக் கூடாது. மருந்த இதுதான் கெடுத்திருக்கு. அளவு கொறயவே இல்ல. எல்லாம் என்னாலதான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அட கிறுக்கா. அத நா எங்க குடிச்சேன்?"

"தெனமும் குடிச்சேன்னு சொன்னியே."

"நீ மூணு பஸ்ஸு மாறி வாங்கிட்டு வார. குடிக்கலன்னா ஒம் மூஞ்சி சுருங்கிப்போகும். முப்பத்தெட்டு வருசமா மூக்குல ஏறுன பச்சக் கொழுந்து வாட, கிட்ட கொண்டுபோனாலே கொமட்டுது. ஆறவச்சு ரோசாவுக்கு ஊத்திட்டேன். மொத நாள்லருந்தே."

நான் நம்பவில்லை. காம்பராவைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கானின் ஓரத்தில் ரோசாச் செடி. அடியில் இலைக் குவியல். மேலே இன்றைய இலை பச்சையாக விரிந்து கிடந்தது. காலால் கிளறினேன். கீழே நேற்றையது, போன வாரத்தது, அதற்கும் கீழே கறுத்து மக்கி மண்ணாகிப்போனது. நாலு மாத இலை அத்தனையும் அங்கே இருந்தது.

செடியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. குடித்திருக்கக் கூடாதா? இத்தனை வருடமாக எதைச் சொன்னாலும் கேட்காதவள், இதையாவது கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் இன்றைக்கு நிறுத்த ஒன்று இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. நல்ல செய்தி சொல்லிவிட்ட சிரிப்பு.

"பாத்தியா? ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல. போட்டு மனச ஒழப்பிக்காத."

மீதியைச் சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அளவு கொறயலன்னு சொன்னேல்ல?"

"ஆமாக்கா."

"நா குடிக்காமயே கொறயல."

"ஆமா."

"அப்ப ஊசி போட்டும் கான் அடபடல."

பாடம் நடத்தியவன் நான். விளங்கவில்லையா என்று கேட்டுக் கேட்டு விளங்க வைத்தவனும் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் காலிப் பிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

"குடிச்சே இருந்திருக்கலாம் போலடா" என்றாள்.

நான் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சாயம் ஊற்றிச் சீனிப் போத்தலோடு கொண்டுவந்தேன். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.