டிராக்டருக்குப் பூசிய சந்தனம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் ஐப்பசி மாதம், தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மானாவாரி நிலத்தில் நடந்தது இது. மதுரையில் படிப்பை முடித்து, எதையாவது புதிதாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்போடு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். என் பேச்சை நம்பித்தான் அண்ணன் உழவு மாடுகளை எல்லாம் விற்று, மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் டிராக்டர் கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து டிராக்டரின் முகப்பில் இருந்த கம்பிவலை முழுக்கச் சந்தனத்தை மெழுகி, குங்குமம் வைத்து, பெரிய செவ்வந்தி மாலையும் சாத்தினோம். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது!

பின்னாலேயே நல்ல மழை. அந்த ஈரம் காய்வதற்குள் உழுது பருத்தி விதைக்க வேண்டும். தவறினால் அந்த வருஷமே போச்சு.

இரண்டு சால் ஓடியதுமே வண்டி கொதித்து, ஆவி சீறியது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி ஓட்டினால் மறுபடியும் அதே கதை. கண்ணேறுதான் என்று முடிவு கட்டிய அண்ணன் எலுமிச்சம்பழம் கட்டி, வலைமேல் இன்னொரு பூச்சு சந்தனமும் பூசினார். அடுத்த தடவை ஒரு சாலுக்கே நின்றுவிட்டது. மாடு இரவல் கேட்கலாமென்றால், அந்த ஈரத்தில் யார் வீட்டு மாடு சும்மா நிற்கும்? மதுரையிலிருந்து மெக்கானிக் வரும்வரை ஈரமும் காத்திருக்காது.

பக்கத்து நிலத்துக்கார மாமா தன் ஏரை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்தார்.

"என்ன மாப்ளே, புல்லு திங்காத மாடுன்னு பெருமை பேசுனியே. அது ஏரும் இழுக்காதாக்கும்?"

அண்ணன் விதை மூட்டைமேல் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வண்டி ஆறியதும் கிளப்பி, மூட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி வலைக்கு முன்னால் பிடித்தேன். உள்ளே விசிறி சுற்றுகிறது, பஞ்சு அசையவே இல்லை. இன்ஜின் சூட்டை ஆற்றும் காற்று அந்த வலை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதன் கண்களெல்லாம் காய்ந்த சந்தனத்தால் அடைத்துக் கிடந்தன.

கழுவிவிடலாம் என்றேன். அண்ணன் ஒப்பவில்லை. விதைப்புக்கு முன்னால் பூஜைச் சந்தனத்தைக் கழுவினால் வெள்ளாமை விளங்காது என்றார்.

"அண்ணே, காளைக்கு நெத்தியிலதான பொட்டு வைக்கோம்? மூக்க அடச்சுப்புட்டு ஏரு இழுன்னா எப்படி இழுக்கும்? இது மூச்சு விடுறது இங்கனதான். எஸ்டேட்டுக்காரக தகரத்த வைக்காம சும்மாவா வலை போட்டிருக்காக?"

அண்ணன் எழுந்து வலைக்கு முன்னால் வந்தார். பிறகு அதிலிருந்து ஒரு விரல் சந்தனத்தை வழித்து வண்டியின் தலைமேல் இட்டார். குடத்துத் தண்ணீரை எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மிச்சத்தை அவரே கழுவினார். மாலையை நான் அவிழ்த்தேன்.

அன்று பொழுது சாயும்வரை வண்டி நிற்கவில்லை. ஈரம் காய்வதற்குள் விதைப்பு முடிந்தது. தை மாசியில் நிலமெல்லாம் வெள்ளையாக வெடித்துக் கிடந்ததை இப்போதும் கண்ணுக்குள் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து எந்த இயந்திரம் நின்றாலும் அது கெட்டுப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆசையாக நாமே அதன்மேல் எதை அப்பி வைத்திருக்கிறோம் என்றுதான் என் கை முதலில் தடவிப் பார்க்கிறது.